புது வீட்டில் பெரியவருக்கு வேலை உண்டா?

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு உலகத்தில் சௌகரியங்கள் குறைவு. ஆனாலும் ஒரு நிம்மதி உண்டு. அவன் எழுதிய புத்தகத்தைப் படிப்பதற்கு ஒரு ஜோடிக் கண்ணும் கொஞ்சம் வெளிச்சமும் போதும். புத்தகம் அச்சான வருஷத்தில் என்ன விளக்கு எரிந்தது என்று யாரும் கேட்பதில்லை. தாத்தா வாங்கி வைத்ததைப் பேத்தி எடுத்துப் படிக்கலாம். நடுவில் ஐம்பது வருஷம் பரண்மேல் கிடந்து ஓரமெல்லாம் செல்லரித்திருந்தாலும், மிஞ்சிய எழுத்து எழுத்தாகவே இருக்கும். மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டதனால் பழைய புத்தகம் படிக்க முடியாமல் போய்விட்டது என்று எந்த வாசகரும் எனக்குக் கடிதம் எழுதியதில்லை.

இந்த நிம்மதி கிட்டாத கலைஞர்கள் சிலர் நம் காலத்தில் இருக்கிறார்கள். டெலிவிஷன் பெட்டியோடு ஒரு யந்திரத்தை இணைத்துக் குழந்தைகள் விளையாடுகிறார்களே, வீடியோ விளையாட்டு, அதை உண்டாக்குகிறவர்களைச் சொல்கிறேன். விளையாட்டு என்றதும் அலட்சியமாக நினைத்துவிட வேண்டாம். கதை எழுத ஒருவர், சங்கீதம் அமைக்க ஒருவர், சித்திரம் தீட்டப் பலர், கணக்குப் போட இன்னும் பலர் என்று நூறு பேர் மூன்று நான்கு வருஷம் உழைத்து ஒரு விளையாட்டை வெளியிடுகிறார்கள். அது ஒரு வட்டில் அடங்கிக் கடைக்கு வருகிறது. ஆறேழு வருஷம் கழித்துக் கம்பெனி புது யந்திரம் ஒன்றை வெளியிடுகிறது. பழைய வட்டைப் புது யந்திரத்தில் போட்டால், "இது எனக்குப் புரியவில்லை" என்று துப்பிவிடுகிறது. நூறு பேருடைய உழைப்பும் அந்த நிமிஷத்தில் முகம் பார்க்கிற கண்ணாடியாகிவிடுகிறது.

வீட்டிலே குழந்தை கேட்கும் கேள்வி நியாயமானது. "அப்பா, புது யந்திரம் பழையதைவிடப் பத்து மடங்கு கெட்டிக்கார யந்திரம் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறதே! பெரிய கணக்குத் தெரிந்தவருக்குச் சின்னக் கணக்குத் தெரியாதா?" அப்பா வழக்கம்போல், "கம்பெனிக்காரன் பணம் பறிக்கிற வழி" என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையில் முகத்தை மறைத்துக்கொள்கிறார். அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை அதைவிடச் சுவாரசியமானது. அதற்குள் ஒரு குடும்பக் கதையே இருக்கிறது.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். கிராமபோன் இசைத்தட்டுக்கும் இதே ஆபத்து வந்ததல்லவா? நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் தட்டுகளை வீடு நிறைய அடுக்கி வைத்திருந்த காலத்தில், 1948-ல் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி 33⅓ சுற்றுச் சுற்றும் நீண்ட தட்டைக் கொண்டுவந்தது. மறு வருஷமே ஆர்.ஸி.ஏ. விக்டர் கம்பெனி 45 சுற்றுத் தட்டை வெளியிட்டது. பழைய தட்டெல்லாம் வீண்தான் என்று சங்கீத ரசிகர்கள் கலங்கினார்கள். ஆனால் மூன்று வேகத்திலும் சுற்றும் பெட்டிகள் வந்து சேர்ந்தன. ஒரு சிறு கைப்பிடியைத் தள்ளி, ஊசியை மாற்றிவிட்டால் பழைய பாட்டு பாடியது. இசைத்தட்டில் பதிந்திருப்பது சப்தத்தின் அச்சு. சரியான வேகத்தில் சுற்றி ஊசியை வைத்தால் எந்தப் பெட்டியும் அதைப் பாடிவிடும்.

விளையாட்டு வட்டில் இருப்பது அப்படிப்பட்ட அச்சு அல்ல. அதில் இருப்பவை கட்டளைகள். வீட்டுக்காரம்மாள் ஊருக்குப் போகும்போது சமையற்காரருக்கு ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "மூன்றாவது தட்டில் இடது கோடியில் இருக்கும் டப்பாவிலிருந்து இரண்டு கரண்டி, பெரிய அடுப்பில் நீ முப்பது எண்ணுகிற வரையில், பிறகு வழக்கப்படி." அந்த வீட்டுச் சமையற்காரருக்கு அது போதும். அதே சீட்டை ஒரு பெரிய ஹோட்டல் சமையற்காரரிடம் கொடுத்துப் பாருங்கள். அவர் எவ்வளவு கெட்டிக்காரரானால் என்ன? மூன்றாவது தட்டு எது? அதில் இடது கோடி டப்பாவில் உப்பா, சர்க்கரையா? முப்பது எண்ணுவதென்றால் யாருடைய எண்ணிக்கை? அவர் எண்ணுகிற வேகம் வேறு; அவருடைய அடுப்பின் சூடு வேறு. விளையாட்டு வட்டு இப்படித்தான் ஒரு குறிப்பிட்ட யந்திரத்துக்கு, அதன் அடுப்பங்கரையை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சீட்டு.

இது மிகைப்படுத்தல் அல்ல என்பதற்கு 1977-ல் அமெரிக்காவில் வெளிவந்த அடாரி யந்திரமே சாட்சி. பிற்காலத்தில் 2600 என்ற எண்ணால் பெயர் பெற்ற யந்திரம் அது. அதற்கு இருந்த ஞாபக சக்தி 128 பைட். ஒரு தபால் கார்டில் நாம் எழுதுகிற விஷயம்கூட அதில் அடங்காது. திரையில் தோன்றவேண்டிய படத்தை முழுவதும் நினைவில் வைத்துக்கொள்ள அதற்கு இடமே கிடையாது. அந்தக் காலத்து டெலிவிஷனில் ஓர் ஒளிக்கற்றை இடமிருந்து வலமாக ஓடி, வரி வரியாகப் படத்தைத் தீட்டும். ஒரு படத்துக்கு 262 வரி. ஒரு விநாடிக்கு 60 படம். ஒளி ஒரு வரியைக் கடக்கும் நேரத்தில் யந்திரத்தின் மூளை 76 முறை துடிக்கும். ஒரு கட்டளையை நிறைவேற்றக் குறைந்தது இரண்டு துடிப்பு வேண்டும்.

விளையாட்டை எழுதுகிறவர் இந்தத் துடிப்புகளை எண்ணி எண்ணித்தான் எழுத வேண்டும். கோலம் போடுகிற ஓர் அம்மாளின் கை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் நிற்கிறவர் அவள் விரல் எந்த இடத்துக்கு வந்திருக்கிறது என்று பார்த்து, அந்தக் கணத்தில் சிவப்பையோ நீலத்தையோ கையில் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கணம் முந்தினால் மயிலின் கழுத்து பச்சையாகிவிடும். ஒரு கணம் பிந்தினால் தோகை வீணாகிவிடும். இப்படி எழுதிய விளையாட்டை இரண்டு மடங்கு வேகமாகத் துடிக்கிற யந்திரத்தில் போட்டால் உதவியா, உபத்திரவமா என்று நீங்களே சொல்லுங்கள். வேகமே அங்கே பகையாகிவிடுகிறது.

1982-ல் அடாரி கம்பெனி தன் அடுத்த யந்திரத்தை வெளியிட்டது. அதற்கு 5200 என்று பெயர். மூளையைப் பொறுத்தமட்டில் பழையதன் நெருங்கிய உறவுதான். ஆனால் படம் தீட்டும் பகுதி முற்றிலும் வேறு. ஆகவே பழைய விளையாட்டு எதுவும் அதில் ஓடவில்லை. லட்சக்கணக்கான வீடுகளில் பழைய கார்ட்ரிட்ஜுகள் கிடந்தன. ஜனங்களுக்கு வருத்தமாக இருந்தது.

இந்த வருத்தத்தைப் புரிந்துகொண்டது யார் தெரியுமா? அடாரியின் போட்டிக் கம்பெனி. கோலெகோ என்று அதற்குப் பெயர். ஆதியில் தோல் வியாபாரத்தில் தொடங்கி, விளையாட்டுச் சாமானுக்கு வந்து சேர்ந்த கம்பெனி. அதே 1982-ல் அவர்களும் ஒரு யந்திரம் வெளியிட்டார்கள். கூடவே ஓர் உபரிப் பெட்டியும் விற்றார்கள். அந்தப் பெட்டியை மாட்டிக்கொண்டால் அடாரியின் பழைய விளையாட்டுகள் கோலெகோ யந்திரத்தில் ஓடின! பெற்ற வீட்டில் இடமில்லாத பெரியவரை எதிர்வீட்டார் அழைத்துத் திண்ணையில் உட்கார வைத்த கதைதான். அடாரி கோபித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போயிற்று. கடைசியில் கோலெகோ ஒரு தொகை கொடுப்பதென்று சமாதானமாயிற்று. அடாரியும் 1983-ல் தன் யந்திரத்துக்கு அதே மாதிரி ஒரு பெட்டி தயாரித்து விற்றது.

இரண்டு பெட்டிகளிலும் இருந்த ரகசியம் ஒன்றுதான். அவற்றுக்குள் பழைய யந்திரத்தின் உறுப்புகள் அத்தனையும் இருந்தன. புது யந்திரம் மின்சாரத்தையும் டெலிவிஷனுக்குப் போகிற வழியையும் கொடுத்ததே தவிர, வேறு ஒன்றும் செய்யவில்லை. பழைய விளையாட்டைப் புது யந்திரம் கற்றுக்கொள்ளவில்லை. பழைய யந்திரத்தையே கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். இதை மறவாமல் இருக்க வேண்டும். பின்னால் நடந்த கதை முழுவதும் இதைச் சுற்றியே போகிறது.

அடுத்த காட்சி ஜப்பானில். கியோட்டோ நகரத்தில் 1889 முதல் சீட்டுக்கட்டு செய்து விற்றுவந்த நின்டெண்டோ கம்பெனி, 1983-ல் 'ஃபாமிலி கம்ப்யூட்டர்' என்ற யந்திரத்தை வெளியிட்டது. உலகம் முழுவதுமாக அதில் 6 கோடிக்குமேல் விற்றது. 1990-ல் அதன் வாரிசான 'சூப்பர் ஃபாமிகாம்' வந்தது. புது மூளைக்குப் பழைய மூளையின் பாஷை தெரியும். அந்தப் பாஷையிலேயே வேலை செய்யும் ஒரு நிலையைச் சிப் தயாரித்தவர்கள் உள்ளேயே வைத்திருந்தார்கள். அப்படியிருந்தும் பழைய விளையாட்டு அதில் ஓடவில்லை. பாஷை தெரிந்தால் போதுமா? அடுப்பங்கரை மாறிவிட்டதே! படம் தீட்டும் சிப்பும் ஒலி எழுப்பும் சிப்பும் வேறாகிவிட்டன. பழைய சிப்புகளையும் கூடவே வைத்தால் விலை ஏறும். மறு வருஷம் அமெரிக்காவில் 199 டாலருக்கு அது விற்பனைக்கு வந்தபோது, வீட்டில் பழைய கார்ட்ரிட்ஜுகளுக்காக எத்தனையோ டாலர் செலவழித்திருந்த பெற்றோர்கள் முகம் சுளித்தார்கள். ஆனாலும் வாங்கினார்கள். குழந்தைகள் விடுவார்களா?

நின்டெண்டோவுக்குப் போட்டியாக இருந்த ஸேகா கம்பெனி வேறு வழியைக் கையாண்டது. 1988-ல் ஜப்பானில் வெளிவந்த அதன் 'மெகா டிரைவ்' யந்திரத்துக்குப் பிரதான மூளை புதியது. ஆனால் முந்திய யந்திரத்தின் மூளையாக இருந்த ஸெட்-80 என்ற சிப்பை அவர்கள் எறிந்துவிடவில்லை. அதற்கு ஓர் உத்தியோகம் கொடுத்தார்கள். புது யந்திரத்தில் சங்கீதத்தைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு அதனுடையது. பழைய விளையாட்டைப் போட்டால் பெரியவர் எழுந்து வந்து, தம் பழைய நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் செய்வார். இதற்காக விற்ற உபரிப் பெட்டி பெரும்பாலும் பழைய கார்ட்ரிட்ஜை மாட்டிக்கொள்வதற்கான ஒரு வாசல்தான்; ஏனென்றால் பெரியவர் ஏற்கெனவே வீட்டுக்குள்ளேயே இருந்தார். அவருடைய சம்பளம் சங்கீத இலாகாவின் கணக்கில் போய்க்கொண்டிருந்தது.

இந்த முறையின் முழுப் பெருமையும் ஸோனி கம்பெனியைச் சேரும். அவர்களுடைய முதல் 'பிளேஸ்டேஷன்' 1994 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்தது. அதன் மூளை ஒரு விநாடிக்குச் சுமார் 3 கோடியே 40 லட்சம் முறை துடிக்கும். 2000 மார்ச்சில் இரண்டாவது பிளேஸ்டேஷன் வந்தது. அதன் புது மூளை விநாடிக்கு 29 கோடித் துடிப்புக்குமேல் துடிப்பது. இவ்வளவு பெரிய மனிதர் வந்தபிறகு பழையவருக்கு என்ன வேலை? வாசல் காக்கும் வேலை. விளையாடுகிறவன் கையிலிருக்கும் பொத்தானை அழுத்தினால், அந்தச் செய்தியை முதலில் வாங்கிக்கொள்வது, ஞாபகச் சிப்பிலிருந்து கணக்கை எடுத்துக் கொடுப்பது, இப்படிப்பட்ட வரவு செலவு வேலைகளைப் பழைய பிளேஸ்டேஷனின் மூளையிடம் ஒப்படைத்தார்கள். பழைய வட்டைப் போட்டால் பெரியவர் தம்முடைய பழைய நடைக்கு வேகத்தைக் குறைத்துக்கொண்டு எசமானராகிவிடுவார். படம் தீட்டுவதில் மட்டும் புதியவர் கைகொடுப்பார். சில விளையாட்டுகள் தகராறு செய்தன. ஆனாலும் பெரும்பாலானவை ஓடின.

இரண்டாவது பிளேஸ்டேஷன் 15 கோடிக்குமேல் விற்றது. அவ்வளவு வீடுகளிலும் புது விளையாட்டு ஆடிய ஒவ்வொரு பிள்ளையும், பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அந்தப் பெரியவரிடம்தான் முதலில் சொன்னான். அது அவனுக்குத் தெரியாது. பிற்காலத்து மெல்லிய பதிப்புகளில் செலவைக் குறைக்க அந்தச் சிப்பை எடுத்துவிட்டு வேறு ஒன்றை வைத்தார்கள். அப்போதும் அந்த வேலை இருந்தபடியால், புதிதாக வந்தவர் பழையவரைப் போலவே நடந்துகொள்ள வேண்டியிருந்தது.

இனிமேல்தான் கதையில் கஷ்ட காலம் வருகிறது. 2006 நவம்பரில் மூன்றாவது பிளேஸ்டேஷன் வெளிவந்தது. அதன் மூளை ஸோனி, தோஷிபா, ஐ.பி.எம். என்ற மூன்று கம்பெனிகள் சேர்ந்து செய்த 'செல்' என்ற சிப். அதில் ஒரு தலைவரும் அவருக்குக் கீழே உதவியாளர்களும் உண்டு. முன்பு போலவே முந்திய யந்திரத்தின் மூளையையும் படச் சிப்பையும் இதற்குள்ளும் வைத்தார்கள். இரண்டாவது பிளேஸ்டேஷனின் வட்டுகள் அருமையாக ஓடின. ஆனால் ஒரு வித்தியாசம். இந்தத் தடவை பெரியவருக்கு வீட்டில் வேலை எதுவும் இல்லை. வாசல் வேலையையும் புதியவர்களே பார்த்துக்கொண்டார்கள். பழைய வட்டு வரும் நாளில் எழுந்திருப்பார். மற்ற நாளெல்லாம் சும்மா இருப்பார். சாப்பாட்டுச் செலவு மட்டும் தினமும் உண்டு.

அந்தச் செலவு சாமானியமானதல்ல. யந்திரத்தின் விலை அமெரிக்காவில் 499 டாலர், 599 டாலர் என்று இரண்டு விதம். வாங்குகிறவர்கள் மலைத்தார்கள். யந்திரத்தைப் பிரித்துப் பார்த்து மதிப்பிட்ட ஒரு நிறுவனமோ, அதைச் செய்யவே 800 டாலருக்குமேல் ஆகிறது என்று சொல்லிற்று. விற்கும் ஒவ்வொரு பெட்டியிலும் நஷ்டம். நஷ்டம் வந்த வீட்டில் முதலில் யாருடைய இலைமேல் பார்வை விழும் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 2007 மார்ச்சில் ஐரோப்பாவில் விற்பனை தொடங்கியபோது, பழைய மூளையை எடுத்துவிட்டார்கள். படச் சிப் மட்டும் மிஞ்சியது. அந்த வருஷ முடிவுக்குள் வெளிவந்த மலிவுப் பதிப்பில் அதுவும் போயிற்று. அமெரிக்காவில் இந்தப் பதிப்பின் விலை 399 டாலர். பெரியவர் புது வீட்டில் இருந்தது ஒரு வருஷம்.

இதிலே ஒரு விசித்திரம் உண்டு. அப்பா வெளியே போனாரே தவிர, தாத்தா போகவில்லை! முதல் பிளேஸ்டேஷனின் வட்டுகள் மூன்றாவது பிளேஸ்டேஷனின் எல்லாப் பதிப்புகளிலும் ஓடின. தாத்தா அங்கே சிப்பாக இல்லை, பாவனையாக இருந்தார். ஒரு யந்திரம் இன்னொரு யந்திரத்தைப் போலவே நடிப்பதற்கு எமுலேஷன் என்று பெயர். பழைய கட்டளை ஒவ்வொன்றையும் படித்து, "பழையவராக இருந்தால் இதற்கு என்ன செய்திருப்பார்?" என்று யோசித்து, அதன்படி புது யந்திரம் நடிக்கிறது. தாத்தா சின்ன ஆள்; அவரைப்போல் நடிப்பது சுலபம். அப்பா பெரிய ஆள். அவரும் பல உதவியாளர்களை வைத்து வேலை வாங்கியவர். அவரைப்போல் நடிக்கப் புது யந்திரத்துக்கு மூச்சு முட்டிற்று.

நடிப்புக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சூப்பர் ஃபாமிகாமின் மூளை அதிகபட்சம் விநாடிக்கு 36 லட்சம் துடிப்புக்குள் அடங்குவது. அதை ஒரு தவறும் இல்லாமல் நடித்துக் காட்டும் எமுலேஷன் ஒன்றை எழுதியவர், அதற்குக் கிட்டத்தட்ட 300 கோடித் துடிப்புள்ள கம்ப்யூட்டர் வேண்டியிருக்கிறது என்று 2011-ல் விளக்கினார். ஏறக்குறைய ஆயிரம் மடங்கு! மேலோட்டமாக நடித்தால் அவ்வளவு வேண்டாம். ஆனால் நான் முன்பு சொன்ன கோலக்காரியின் கணக்கு பிசகாமல் இருக்கவேண்டுமானால், மூளை, படம், ஒலி என்ற மூவரையும் துடிப்புக்குத் துடிப்பு ஒத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குழந்தையின் கேள்விக்கு இங்கேதான் பதில் கிடைக்கிறது. பெரிய கணக்குத் தெரிந்தவருக்குச் சின்னக் கணக்குத் தெரியும். ஆனால் இன்னொருவராகவே ஆகி, அவருடைய கையெழுத்தில், அவருடைய வேகத்தில் அந்தக் கணக்கைப் போடுவதற்குப் பத்து மடங்கு கெட்டிக்காரத்தனம் போதாது.

சாப்பாட்டுச் செலவு மிகக் குறைவாக இருந்தால், வேலை இல்லாத பெரியவரையும் சில வீடுகள் வைத்துக்கொண்டது உண்டு. கையில் வைத்து ஆடும் 'கேம் பாய்' வரிசையில் 2001-ல் வந்த நின்டெண்டோ யந்திரத்துக்குள் பழைய மூளை ஒரு மூலையில் இருந்தது. அதற்குள் அதன் விலை அற்பமாகியிருந்தது. 2004-ல் வந்த 'டி.எஸ்.' யந்திரத்தில் அவரும் இல்லை.

வெளியே அனுப்பப்பட்ட இரண்டாவது பிளேஸ்டேஷன் என்ன ஆயிற்று? நொடித்துப் போகவில்லை. தனிக் குடித்தனமாக இருந்துகொண்டு சம்பாதித்தது. புது யந்திரம் வந்து ஆறு வருஷத்துக்குப் பிறகும், 2012 முடியும்வரை ஸோனி அதைச் செய்து விற்றுக்கொண்டிருந்தது. நம் நாட்டுக் கடைகளிலும் விற்றது. அந்த யந்திரத்துக்காகவே நம் நாட்டில் உருவாகி, 2009-ல் வெளிவந்த விளையாட்டு ஒன்று உண்டு. 'ஹனுமான்: பாய் வாரியர்' என்று பெயர். ஆஞ்சநேயரைக் கதாநாயகராக வைத்தது. அந்த வட்டை நாலாவது, ஐந்தாவது பிளேஸ்டேஷனில் போட்டுப் பாருங்கள். கடலைத் தாண்டியவர் அந்த வாசலைத் தாண்ட மாட்டார். அவரைப் பார்க்க வேண்டுமானால் பழைய யந்திரம் ஒன்று கெடாமல் எங்கேயாவது இருக்க வேண்டும்.

2013-ல் நாலாவது பிளேஸ்டேஷன் வந்தபோது, 'செல்' சிப்பையே கைவிட்டு, சாதாரணக் கம்ப்யூட்டர்களில் இருக்கும் வகை மூளைக்கு மாறினார்கள். மூன்றாவதன் வட்டுகளுக்கு அன்றோடு கதவு அடைத்தது. 2020-ல் வந்த ஐந்தாவது யந்திரமோ நாலாவதன் விளையாட்டுகளில் அநேகமாக எல்லாவற்றையும் ஆடுகிறது. இரண்டும் ஒரே வம்சத்து மூளை. நடிக்கவேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

இதெல்லாம் யந்திரத்தின் சங்கடம். யந்திரம் சம்மதித்த பிறகும் வருகிற சங்கடம் ஒன்று இருக்கிறது. மைக்ரோஸாஃப்ட் கம்பெனியின் மூன்றாவது 'எக்ஸ்பாக்ஸ்' யந்திரம் 2013-ல் வந்தபோது முந்தியதன் வட்டுகளை ஏற்கவில்லை. அவர்களுடைய நிபுணர்கள் பாடுபட்டு, 2015-ல் முந்திய யந்திரத்தைப்போல் நடிக்க அதற்குக் கற்றுக்கொடுத்தார்கள். பழைய வட்டைப் போட்டால், அது சொத்துக்கு ஒரு சாட்சி மாத்திரம். விளையாட்டு கம்பி வழியாகப் புதிதாக வந்து இறங்கும். அதற்காக ஒவ்வொரு விளையாட்டுக்கும் உரிமைக்காரர்களிடம் அனுமதி பெற வேண்டியிருந்தது. விளையாட்டில் வருகிற பாட்டுக்கு ஒருவர் சொந்தக்காரர். மோட்டார் காரின் பெயருக்கு இன்னொருவர். பந்தாட்டக்காரரின் முகத்துக்கு அவரே. சில கம்பெனிகள் மூடிப்போய், உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே தெரியாது. 2021 நவம்பரில் கடைசியாக ஒரு தொகுதியைச் சேர்த்துவிட்டு, அனுமதியும் சட்டமும் தொழில் நுட்பமும் இனிமேல் இடம் கொடுக்கவில்லை என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்கள்.

பத்திரிகைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்ட அப்பாவுக்கும் நியாயம் செய்ய வேண்டும். பழைய விளையாட்டுகள் சிலவற்றைக் கம்பெனிகள் புது யந்திரத்துக்காகத் திருத்தி, மறுபடியும் விலைக்கு விற்றன. வைத்திருந்தவர்களே இரண்டாம் தடவையும் காசு கொடுத்தார்கள். ஆனால் அந்த அதிர்ஷ்டம் புகழ்பெற்ற சிலவற்றுக்குத்தான். 2023-ல் அமெரிக்காவில் வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை ஒரு கணக்கெடுத்தது. 2010-க்கு முன் அந்நாட்டில் வெளிவந்த விளையாட்டுகளில் 100-க்கு 87 கடையில் கிடைக்கவில்லை. அந்த வருஷம் மார்ச்சில்தான் நின்டெண்டோ தன் பழைய யந்திரங்கள் இரண்டுக்கான கம்பி வழிக் கடையை மூடியது. கிடைக்காத விளையாட்டுகளை நூல் நிலையங்கள் பாதுகாத்து, ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு அவரவர் இருக்கும் இடத்திலிருந்தே காட்டலாமா என்று கேட்டபோது, 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் கூடாது என்று சொல்லிவிட்டது.

ஆகவே இன்று அந்த 87-ல் பலவற்றை உயிரோடு வைத்திருப்பவர்கள், சம்பளம் வாங்காமல் ராத்திரி கண் விழித்து எமுலேஷன் எழுதுகிற சில பேர். பழைய சிப்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, அது ஒரு துடிப்பில் என்ன செய்தது என்று எழுதி வைக்கிறார்கள். கம்பெனிகளின் வக்கீல்கள் இவர்களில் சிலரைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார்கள். ஆனால் வீட்டுப் பெரியவர் எப்படிப் பேசினார், எப்படி நடந்தார், எதற்குச் சிரித்தார் என்று யாராவது ஒருவர் நினைவில் வைத்திருந்தால்தானே நாளைக்குச் சொல்ல முடியும்?

என் புத்தகங்களைப் பற்றி நான் கொண்டிருந்த நிம்மதியை இதை எழுதி முடிக்கும்போது மறுபடியும் நினைத்துப் பார்க்கிறேன். அது என் சாமர்த்தியத்தால் வந்ததல்ல. கண் என்ற யந்திரத்தைச் செய்தவர் ஆறு வருஷத்துக்கு ஒருமுறை புது மாதிரி வெளியிடுவதில்லை, அவ்வளவுதான். அந்த அதிர்ஷ்டம் இல்லாதவர்களும் என்னைப்போல் கதை சொல்கிறவர்களே. அடுத்த தடவை வீட்டில் புது யந்திரம் வாங்கினால், பழையதைக் காயலான் கடைக்காரரிடம் போடுவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். பழைய வட்டுகளுக்குப் பக்கத்தில், அதன் கம்பிகளோடும் பொத்தான்களோடும் சுற்றி, பரண்மேல் வையுங்கள். பேத்தி ஒருநாள் ஏறி எடுப்பாள்.